ஊடுகதிருக்குக் கைகொடுத்தவர்

நுழையும்முன்
ஈறுக்குள் மறைந்துள்ள பல்லையும் அதன் வேரையும் ஊடுகதிர்ப் படம் இன்று நொடிப்பொழுதில் காட்டிவிடுகிறது. இவ்வசதியைப் பல்மருத்துவத்துக்குக் கொண்டுவர உழைத்து, தம் கையையே இழந்த ஒருவரின் வரலாறு இது.

எட்மண்ட் கெல்ஸ் 1856ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பல்மருத்துவரின் மகனாகப் பிறந்தார். நியூயார்க்கில் பயின்று 1878இல் பட்டம் பெற்ற அவர், தந்தையுடன் இணைந்து பணியாற்றினார். மின்சாரத்தை மருத்துவத்தில் பயன்படுத்துவதில் பெருவிருப்பம் கொண்ட அவர், பல கருவிகளை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார்.

1895 நவம்பரில் செருமனியின் இராண்ட்ஜென் ஊடுகதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களில், அந்நாட்டுப் பல்மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தம் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் கதிரின்முன் அசையாதிருந்தார். 1896இல் கெல்ஸும் கருவியை அமைத்து, அமெரிக்காவில் நோயாளிகளின் பற்களைப் படமெடுத்த முன்னோடிகளுள் ஒருவரானார்.

அடர்ந்த பல்லும் எலும்பும் கதிரைத் தடுப்பதால் படத்தில் வெண்மையாகத் தோன்றும். மென்மையான ஈறும் பற்கூழும் கருமையாகத் தெரியும். ஆகவே, முளைக்காமல் தாடையில் புதைந்த பல்லின் இடத்தை அறுத்துப் பார்க்காமலே அறிய முடிந்தது. 1899இல் வேர்க்குழிக்குள் ஈயக்கம்பியைச் செலுத்திப் படமெடுத்து, அதன் நீளத்தைக் கெல்ஸ் கணித்தார்.

உடல்நோய்கள் பலவற்றுக்கும் பற்களே காரணம் என்று கருதி, காக்கத்தக்க பற்களையும் பிடுங்கும் வழக்கம் அக்காலத்தில் பரவியது. கெல்ஸ் அதனைத் துணிந்து எதிர்த்தார். பல்லைக் காப்பதற்கே படம் உதவவேண்டும் என்பது அவர் கொள்கை.

கதிரின் தீமையை அன்று எவரும் முழுதாக அறியவில்லை. நோயாளியின் வாய்க்குள் படத்தகட்டைத் தம் விரல்களாலேயே பிடித்தார். கருவியைச் சரிபார்க்கத் தம் கையையே கதிரின்முன் நீட்டினார். ஆண்டுகள் பல கடந்தபின் அக்கையில் புற்றுநோய் தோன்றியது. அடுத்தடுத்த அறுவைகளில் விரல்களையும் பின்னர்க் கையையும் இழந்தார். அந்நிலையிலும் 1926இல் தம் பட்டறிவை நூலாக்கினார். 1928இல் மறைந்தார்.

நிலத்தடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி மாவட்டத்தில், பற்கறையால் வருந்துவோர் உள்ளனர். பல்மருத்துவரை நாடும் அவர்களுக்குப் படமெடுக்க இன்று ஒரு நொடியும் தேவையில்லை. படமெடுப்பவரும் விலகி நின்றே பொத்தானை அழுத்துகிறார். இப்பாதுகாப்பு, கெல்ஸ் போன்றோர் பட்ட துன்பத்திலிருந்து உலகம் கற்ற பாடமாகும்.