கஞ்சாவைச் சோதித்த தந்தி டாக்டர்

ஒரு காலத்தில் சிவாஜிநகரில் தந்திச் சேவகர் வாசலில் வந்து நின்றால் வீடே பதறிப் போகும். ஊரில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று! 2013-ல் நின்று போன அந்தத் தந்திக்கு இந்தியாவில் கம்பி நாட்டியவர் ஒரு டாக்டர். பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி.

அயர்லாந்தில் லிமரிக் நகரில் 1809-ல் பிறந்தவர். எடின்பரோவில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக 1833-ல் கல்கத்தா வந்தார். அங்கே மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் ஆனார்.

கஞ்சா வலியைத் தணிக்கும் என்று நாட்டு வைத்தியர்கள் சொல்லி வந்தார்கள். பண்டிதர்களையும் ஹக்கீம்களையும் அவர் விசாரித்தார். ஆனால் உடனே நோயாளிக்குக் கொடுத்துவிடவில்லை. முதலில் ஒரு நாய்க்குக் கொடுத்தார். அது தூங்கி வழிந்தது, தள்ளாடியது, சில மணி நேரத்தில் பழையபடி துள்ளியது. பிறகு பூனை, குதிரை, ஆடு, காகம், மீன்! இறைச்சி தின்பவற்றுக்குப் போதை ஏறியது. புல் தின்பவற்றுக்கு அவ்வளவாக இல்லை.

1838 நவம்பரில் மூட்டு வாதத்தால் அவதிப்பட்ட 3 பேருக்கு ஆளுக்கு ஒரு கிரெயின் கஞ்சாப் பிசின் கொடுத்தார். அதாவது சுமார் 65 மில்லிகிராம். ஒருவர் பாட்டுப் பாடினார், கூடுதலாகச் சாப்பாடு கேட்டார், உடம்பு முற்றும் குணம் என்றார். இரவு 8 மணிக்கு அவரே நினைவின்றிக் கிடந்தார். கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நின்றது! மறுநாள் தெளிந்துவிட்டார். அடுத்து வந்தவர்களுக்கு டாக்டர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். பலருக்கு வலி தணிந்தது. எல்லோருக்கும் பசி எடுத்தது.

வெறிநாய்க்கடி நோயாளி ஒருவருக்கும் கொடுத்தார். வேதனை குறைந்தது, உயிர் பிழைக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார். வேதனை தணிவது வேறு, நோய் தீர்வது வேறு அல்லவா? பஸ் ஸ்டாண்டு ஓரம் மூட்டுவலித் தைலம் விற்பவர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

1839-ல் அவர் கட்டுரை வந்ததும் ஐரோப்பிய டாக்டர்கள் கஞ்சாவைக் கையில் எடுத்தார்கள். ஆனால் அவர் பார்த்தது கொஞ்சம் பேரைத்தான். மருந்து கொடுக்காத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. வாத வலியோ தானே ஏறும், தானே இறங்கும். இறங்கும் வேளையில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். கஞ்சாச் சரக்கின் வீரியமும் ஆளுக்கு ஆள், மூட்டைக்கு மூட்டை மாறியது. தண்ணீரில் கரையாததால் ஊசி போட முடியவில்லை. மார்பின் ஊசியும் ஆஸ்பிரினும் வந்ததும் கஞ்சா பின்னுக்குப் போயிற்று.

அதன் போதைப் பொருளைத் தனியே பிரித்து அறிந்தது 1964-ல்தான். வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2021-ல் எல்லா ஆராய்ச்சிகளையும் அலசியது. வலிக்கு இதைச் சிபாரிசு செய்ய ஆதாரம் போதாது என்று அறிவித்தது. நம் நாட்டில் 1985-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றிக் கஞ்சா வைத்திருப்பது குற்றம்.

ஓஷானசி 1839-லேயே கல்கத்தா அருகே கம்பி கட்டித் தந்தியைச் சோதித்திருந்தார். 1852-ல் தந்தி இலாகா அவர் கைக்கு வந்தது. 4 ஆண்டுகளில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் நகரங்களைச் சுமார் 4,000 மைல் கம்பி இணைத்தது. 1856-ல் சர் பட்டம் கிடைத்தது. 1889 ஜனவரியில் இங்கிலாந்தில் காலமானார்.