நாவலரவர்களும் பாடசாலைத் தலைமையும்

ஒரு பாடசாலை நன்கு நடைபெறுதற்குத் தலைவரது தகுதி மாத்திரம் அமையுமோ, அன்றி அவரைச் சூழ்ந்த நாடும் காலமும் பொருளும் துணை நிற்றல் வேண்டுமோ என்பது கல்வி வளர்ப்போர் ஆராய்தற்குரியது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் சரித்திரம் இதனை இனிது விளக்குமாதலின், ஈண்டு அதனைச் சுருக்கி உரைப்பாம்.

நாவலரவர்கள் 1822 ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 18 ஆந் தேதி கந்தப்பிள்ளையவர்களுக்குக் கடைசிப் புதல்வராய்ப் பிறந்தார்கள். சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் என்பவர்களிடத்துத் தமிழ் கற்றார்கள். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராயும் அமர்ந்தார்கள். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணையும் புரிந்தார்கள். ஆகவே, மிஷன் பாடசாலை நடைபெறும் முறையை அவர்கள் புறத்தே நின்று கேட்டறிந்தவர்களல்லர். அகத்தே இருந்து கண்டறிந்தவர்கள்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியும் அதுபற்றி வரும் உத்தியோகமும் பெரும்பாலும் மிஷனரிமார் வாயிலாகவே கிடைத்தன. அக்கல்வியை விரும்பிய சைவப் பிள்ளைகள் பிறசமய பாடங்களையும் உடன் கற்றல் வேண்டியிருந்தது. இந்நிலையை நோக்கிய நாவலரவர்கள் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வருஷத்திலேயே மிஷன் உத்தியோகத்தையும் துறந்தார்கள். வேதனம் நின்றது, பாடசாலையின் பொறுப்போ வளர்ந்தது. தம்மிடம் கற்ற மாணாக்கரையே உபாத்தியாயர்களாக்கினார்கள். வீடுதோறும் சேர்த்த பிடியரிசியும் பாடசாலைக்கு உதவிற்று.

பாடசாலை உண்டாயினும் பாடநூல் இல்லையாயின் பயனென்னை? அதுபற்றி 1849 இல் சதாசிவப்பிள்ளையவர்களோடு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கினார்கள். அப்பிரயாணத்திலே திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். பாலபாடங்கள் படிமுறையாக வெளிவந்தன. 1864 இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை தோன்றிற்று.

இனி, நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. 1872 இல் வண்ணார்பண்ணையில் அவர்கள் தாபித்த ஆங்கில பாடசாலை சில வருஷங்களுள் பொருட்குறையால் நின்றுபோயிற்று. தலைவர் அவரே, ஊக்கமும் அதுவே. அங்ஙனமாகவும் தமிழ்ப் பாடசாலை நிலைத்தது, ஆங்கில பாடசாலை நிலைத்திலது. காரணம் என்னையெனின், தமிழ்ப் பாடசாலைக்கு வேண்டிய ஆசிரியரையும் நூலையும் அவர்கள் தாமே ஆக்கிக்கொள்ளல் கூடிற்று. ஆங்கில பாடசாலைக்கோ இடையறாத பெருஞ்செலவு வேண்டும். அதனைத் தாங்கும் கூட்டுறவு அக்காலத்துச் சைவரிடத்து அமைந்திலது.

நாவலரவர்கள் இல்லறம் புகாது வாழ்ந்து, 1879 ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 5 ஆந் தேதி சிவபதமடைந்தார்கள். அவர்கள் கருதிய ஆங்கிலக் கல்வி பின்னர்ச் சைவர் பலர் சபையாய்க் கூடி முயன்றபோது, 1890 இல் தோன்றிய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் நிலைபெற்றது.

ஆதலின், தலைவரைப் புகழ்தல் மாத்திரையில் அமைந்துவிடாது, அவர் நிற்றற்குரிய நிலத்தை ஆக்கிக்கொடுத்தலும் ஊரவர் கடனாம் என்க. ஒரு பிடி அரிசியும் அக்கடனிற் சேர்ந்ததே.