மஞ்சள் சட்டையை மீட்டவர்

விடியற்காலையில் சாமுண்டி மலைப்பாதையில் மிதிவண்டியில் ஏறுவோரை மைசூரு மாணவர் பலர் கண்டிருப்பர். ஏற ஏறக் கால் தளரும், மூச்சு வாங்கும். அதனினும் பன்மடங்கு கடிய மலைப்பாதைகளையே தம் களமாகக் கொண்டு புகழ் பெற்றவர் இத்தாலி நாட்டு வீரர் ஜீனோ பார்த்தாலி.

அவர் 1914ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள், பிளாரன்ஸ் நகரை அடுத்த போன்டே ஆ ஏமா என்னும் ஊரில் ஓர் உழைப்பாளியின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1936இல் இத்தாலியைச் சுற்றி நடைபெறும் ஜீரோ போட்டியில் வென்றார். அதே ஆண்டில் அவருடைய தம்பி ஜூலியோ பந்தய விபத்தொன்றில் உயிரிழந்தார். துயரம் தாளாத பார்த்தாலி பந்தயத்தையே துறந்துவிட எண்ணினார். பின்னர் மனம் தேறி மீண்டார். 1938இல் டூர் டி பிரான்ஸ் போட்டியிலும் வாகை சூடினார்.

டூர் டி பிரான்ஸ் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும் நெடும் போட்டியாகும். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்படும். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே மஞ்சள் சட்டை அணிவார்.

இரண்டாம் உலகப் போரால் 1940 முதல் 1946 வரை அப்போட்டி நடைபெறவில்லை. ஒரு வீரனின் உடல் வலிமை உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் அவை. அவ்வாண்டுகளில் செருமானியப் படை இத்தாலியைக் கைப்பற்றி, யூதர்களை வேட்டையாடியது. பார்த்தாலி பயிற்சி செய்பவர்போல் பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே மிதிவண்டியில் சென்றுவந்தார். யூதர்கள் வேற்றுப் பெயரில் தப்பிப் பிழைப்பதற்கான ஆவணங்கள் அவருடைய வண்டியின் குழாய்களுக்குள் சுருட்டி மறைக்கப்பட்டிருந்தன. ஒரு யூதக் குடும்பத்திற்கும் அவர் மறைவிடம் அளித்தார். பிடிபட்டிருந்தால் உயிர் தப்பியிரார்.

1948இல் அவர் மீண்டும் டூர் போட்டிக்கு வந்தபோது வயது முப்பத்து நான்கை நெருங்கியிருந்தது. கிழவராகிவிட்டார் என்று பலர் எள்ளினர். முதல் நாள் ஓட்டத்தில் வென்றபோதும் பின்னர் பின்தங்கினார். சூலை 14ஆம் நாள், கான் நகரில் ஓய்வு நாள். அப்போது இருபத்து மூன்றே வயதான பிரெஞ்சு வீரர் லூயிசன் போபே இருபத்தொரு நிமிடங்களுக்கும் மேலாக அவரை முந்தியிருந்தார்.

அன்றே ரோம் நகரில் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொல்யாத்தி சுடப்பட்டார். வேலைநிறுத்தமும் கலவரமும் நாடெங்கும் பரவின. அன்றிரவு பிரதமர் டி காஸ்பெரி பார்த்தாலியைத் தொலைபேசியில் அழைத்து, நாட்டுக்காக வெல்ல இயலுமா என வினவினார் என்பர்.

மறுநாள் பாதை 274 கிலோமீட்டர். அலோஸ், வார்ஸ், இசோவார் என மூன்று மலைக் கணவாய்கள். இசோவார் 2,360 மீட்டர் உயரமுடையது. நம் உதகை நகரைவிடவும் உயர்ந்தது. குளிர்மழை கொட்டியது, பாதை சேறாயிற்று. அக்கால வண்டியில் வேகப் பல்சக்கரத்தை மாற்றுவதே ஒரு வித்தை. ஓடும்போதே கையைப் பின்னால் நீட்டி, பின்சக்கரத்தைப் பிணித்திருக்கும் நெம்புகோலைத் தளர்த்தி, மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுழற்றிச் சங்கிலியை மாற்ற வேண்டும். விரல்கள் விறைத்த அக்குளிரில் பார்த்தாலி அதனைச் செய்தார். இசோவாரைத் தனியாகக் கடந்து, பிரியான்சோன் நகரை முதலாவதாக அடைந்தார். போபேயின் முன்னிலை ஏறத்தாழ ஒரு நிமிடமாகச் சுருங்கியது.

அடுத்த நாளும் அவரே வென்று மஞ்சள் சட்டையைப் பெற்றார். அதற்கடுத்த ஓட்டத்திலும் வென்றார். அன்று அவருடைய முப்பத்து நான்காம் பிறந்தநாள். பாரிசில் போட்டி முடிந்தபோது, இரண்டாமவரைவிட இருபத்தாறு நிமிடங்கள் முந்தியிருந்தார். முதல் வெற்றிக்கும் இரண்டாம் வெற்றிக்கும் இடையே பத்தாண்டுகள்! இத்தனை நீண்ட இடைவெளியில் அப்போட்டியை இருமுறை வென்றவர் வேறெவரும் இலர்.

இவ்வெற்றியே இத்தாலியை உள்நாட்டுப் போரிலிருந்து காத்தது எனக் கூறுவதுண்டு. அது மிகைக்கூற்று. தொல்யாத்தி உயிர் பிழைத்ததும், தம் தோழர்களை அமைதி காக்கச் சொன்னதுமே முதன்மைக் காரணங்கள். எனினும் கலங்கிய மக்கள் அந்நாள்களில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்று மகிழ்ந்தது உண்மை.

பார்த்தாலி 1954இல் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 2000ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். மலையில் பெற்ற வெற்றிகளை உலகறியும். போர்க்காலப் பயணங்களைப் பற்றியோ அவர் வெளியே பேசவே விரும்பவில்லை. அவற்றுக்காக எருசலேமில் உள்ள யாத் வசேம் நினைவகம் அவரைப் பெருமைப்படுத்தியது 2013ஆம் ஆண்டில்தான்.