அண்ணலும் சம்பள வரம்பும்

கொடுமுடியில் டாக்டர் அம்பேத்கர் படத்துக்கு மாலையிடும் நாம், தொழிலாளர் துறையை ஆண்ட அம்பேத்கரை நினைக்கிறோமா? 1891இல் பிறந்தார், தீண்டாமைக் கொடுமையைத் தாண்டிப் பாரிஸ்டரானார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. ஆலைத் தொழிலாளருக்கு நோய்க் காப்பு கோரிய அடார்க்கர் அறிக்கை 1944இல் வந்தது. அதிலிருந்து பிறந்ததே 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். 1955 ஜனவரியில் அது கோவைக்கும் வந்தது. மறு ஆண்டு அண்ணல் மறைந்தார்.

400 ரூபாய்ச் சம்பளம் வரை காப்பு என்று அன்று சட்டமே சொன்னது. 1989இல் திருத்தினார்கள், வரம்பை மத்திய அரசே விதியால் குறிக்கலாம் என்றார்கள். 2017இல் வரம்பு 21,000 ரூபாயாயிற்று. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் அதிகாரம் அரசிடமே!

தோழர்களே! வரம்பு நிற்க, சம்பளம் உயர்ந்தால் காப்பை இழப்பது தொழிலாளிதான். நாடாளுமன்றத்திலே கேள்வி கேட்க நம் உறுப்பினரைத் தூண்டுவோம். அதுவே அண்ணலுக்கு நாம் சூட்டும் மாலை!