ரூஸ்வெல்ட்டின் பெருத்த இதயம்: உலகப் போருக்கு நடுவே மறைக்கப்பட்ட மெடிக்கல் ரிப்போர்ட்

1944 மார்ச் மாதக் கடைசி. வாஷிங்டனை ஒட்டியுள்ள பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியில் ஒரு விவிஐபி நோயாளி வந்தார். வயது 62. வாரக்கணக்கில் இருமல், விடாத அசதி, மூச்சு வாங்கல். ஃப்ளூ இன்னும் சரியாகவில்லை என்றுதான் சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். மகள் அன்னா வற்புறுத்தியதால்தான் இந்தப் பரிசோதனையே நடந்தது.

அந்த நோயாளி, அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

பரிசோதித்தவர் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர். பிபி 186/108. எக்ஸ்ரேயில் இதயம் நன்றாகப் பெருத்திருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இடது கீழறை ஒழுங்காக வேலை செய்யவில்லை. சுருக்கமாகச் சொன்னால் ஹார்ட் ஃபெயிலியர்.

இது திடீரென வந்ததல்ல. 1937இல் அவருக்கு பிபி 162/98, 1941இல் 188/105. இன்று இந்த நம்பரைப் பார்த்தால் எந்த டாக்டரும் உடனே மாத்திரை எழுதிவிடுவார். ஆனா அந்தக் காலத்தில் நல்ல பிபி மாத்திரையே கிடையாது. வயசானா பிபி ஏறத்தான் செய்யும், உறுப்புகளுக்கு ரத்தம் போக அது தேவைதான் என்று நம்பிய டாக்டர்களே நிறைய. ரூஸ்வெல்ட்டின் சொந்த மருத்துவரான ராஸ் மெக்கின்டயரோ காது, மூக்கு, தொண்டை ஸ்பெஷலிஸ்ட்!

சரி, அத்தனை வருஷம் உள்ளே என்ன நடந்திருக்கும்? ரூஸ்வெல்ட்டுக்குப் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை, அவர் இதயத்தை யாரும் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில்லை. ஆனால் பல ஆண்டுகள் பிபியைச் சுமந்த இதயத்தில் என்ன மாறும் என்பது இன்று நமக்குத் தெரியும்.

இதயத் தசை செல்கள் பெரியவர்களிடம் அநேகமாகப் பெருகுவதே இல்லை. சுமை கூடினால் புது ஆள் சேர்க்க முடியாது, இருக்கிற செல்தான் பருக்க வேண்டும். கயிறு திரிக்கும்போது இழையோடு இழை சேர்ப்பது மாதிரி, செல்லுக்குள் சுருங்கும் இழைகள் பக்கவாட்டில் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. சுவர் தடிக்கிறது. ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல சேதியாகத் தோன்றும். ஆனா ஜிம்மில் ஒரு மணி நேரம் சுமை, பிறகு ஓய்வு. பிபி தூக்கத்தில்கூட இதயத்தை விடாது.

செல் பருக்கும் அளவுக்கு அதைச் சுற்றியுள்ள நுண் ரத்தக் குழாய்கள் பெருகுவதில்லை. தீனி பத்தாத செல் தடுமாறுகிறது. கருவில் வேலை செய்து பிறகு அடங்கிப்போன சில ஜீன்கள் மறுபடி விழித்துக்கொள்கின்றன. முக்கியமான பிரச்சினை கால்சியம். ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் கால்சியம் பாய வேண்டும், அடுத்த நொடியே திரும்ப உறிஞ்சப்படவும் வேண்டும். இந்த உறிஞ்சல் மந்தமானால் தசை முழுசாகத் தளராது. உள்ளே வர இடமில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்கும். மூச்சு வாங்குவது அதனால்தான். போகப்போகச் சில செல்கள் செத்து அந்த இடத்தில் தழும்பு விழும். மிச்சமுள்ளவை நீளவாக்கில் இழுபட, அறையே தொளதொளவென விரியும்.

புரூயன் கொடுத்த முக்கிய மருந்து டிஜிட்டாலிஸ், ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது. அது செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டி, களைத்த தசையை அழுத்தமாகச் சுருங்க வைக்கும். உப்பு குறைந்தது, சிகரெட் குறைந்தது, தென் கரோலினாவில் ஒரு மாத ஓய்வும் கிடைத்தது. மூச்சுத் திணறல் விலகியது. ஆனா மூல காரணமான பிபி குறையவே இல்லை.

இதில் விநோதம், நோயாளி எதையுமே கேட்கவில்லை. எதுக்கு இந்த மாத்திரை, எனக்கு என்ன வியாதி என்று ரூஸ்வெல்ட் ஒருமுறைகூட விசாரிக்கவில்லையாம். 39 வயதில் கால்கள் செயலிழந்ததை கேமராக்களிடமிருந்து மறைத்தே நான்கு தேர்தல்களை ஜெயித்த மனிதர் அவர். நான்காவது தேர்தல் 1944 நவம்பரில், இந்த இதயத்தோடுதான். அதிபர் நலமாக இருக்கிறார் என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. ஓட்டுப் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? போர் நடந்தது என்பது ஒரு சமாதானம். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை.

1945 பிப்ரவரியில் சர்ச்சிலையும் ஸ்டாலினையும் சந்திக்க அவர் கிரிமியாவில் உள்ள யால்டாவுக்குப் போனார். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பற்றிப் பேசிய மாநாடு அது. அங்கே ஒரு நாள் நாடி பிடித்த புரூயன் பயந்துபோனார். ஒரு துடிப்பு பலமாக, அடுத்தது பலவீனமாக, மாறி மாறி வந்தது. தசை செல்கள் கால்சியத்தைச் சமாளிக்கத் திணறும்போது வரும் அறிகுறி இது. வேலையைக் குறைத்து ஓய்வு கொடுத்ததும் சில நாட்களில் சரியானது.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 12. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருந்தார். ரூஸ்வெல்ட் பின்மண்டையில் கடும் வலி என்று சொல்லி மயங்கிச் சரிந்தார். புரூயன் ஓடிவந்து பார்த்தபோது பிபி 300/190. மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அன்று பிற்பகலே உயிர் பிரிந்தது. ஜெர்மனி சரணடைய ஒரு மாதம்கூட இல்லை.

பெதஸ்டாவில் பூட்டி வைத்திருந்த அவருடைய மருத்துவ ஃபைல் பிறகு காணாமல் போனது. 1970இல், தன் கைவசம் இருந்த குறிப்புகளை வைத்து, புரூயன் ஒரு மருத்துவ இதழில் முழு விவரத்தையும் எழுதினார். ரூஸ்வெல்ட் இறந்து அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.