அகதாஸின் பேரன்

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்துக்கு இஸ்பிஸ்டர் என்று பெயர். அந்தப் பெயருக்குரியவரின் முழுப்பெயர் அலெக்சாண்டர் கென்னடி இஸ்பிஸ்டர். அலெக்சாண்டர் கென்னடி என்பது அவருடைய உம்மாவின் வாப்பா பெயர். இஸ்பிஸ்டர் என்பது வாப்பாவின் பெயர். இருவரும் ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஓர்க்னித் தீவுகளிலிருந்து பிழைப்புக்காகப் போனவர்கள். உம்மம்மாவுக்கு மட்டும் அந்தப் பெயரில் இடமில்லை. அவர் கிறீ இனத்தைச் சேர்ந்தவர். பெயர் அகதாஸ். அவரையும் சேர்த்தே இந்த மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன்.

1670 இல் இங்கிலாந்து மன்னரின் பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பனி, பீவர் என்னும் விலங்கின் தோலுக்காக அந்தக் குளிர் நாட்டுக்குள் நுழைந்தது. ஐரோப்பாவில் ஆண்கள் அணிந்த தொப்பிகளுக்கு அந்த மயிர் தேவைப்பட்டது. கோட்டைகளில் தங்கிய வியாபாரிகள் அங்குள்ள பெண்களை அந்நாட்டு வழக்கப்படி, பெண் வீட்டாரின் சம்மதத்தோடு மணந்தார்கள். அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் வியாபாரமே நடந்திராது என்பேன். தோலைப் பதப்படுத்தியவர்கள் அவர்கள். பனியில் புதையாமல் நடப்பதற்கான பாதணிகளுக்கு வலை பின்னியவர்களும், இரண்டு மொழிகளுக்கும் நடுவே நின்று பேசியவர்களும் அவர்களே.

இந்தக் குடும்பங்களின் சந்ததியினர் இன்று தங்கள் வேரைத் தேடும்போது கம்பனியின் பழைய புத்தகங்களைத்தான் புரட்டுகிறார்கள். அவை 1974 இல் இலண்டனிலிருந்து கனடாவின் வினிபெக் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. எந்த இலிகிதர் எந்தக் கோட்டையில் இருந்தார், எவ்வளவு சம்பளம் பெற்றார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. மனைவியோ பல இடங்களில் ஒரு சுதேசப் பெண் என்ற குறிப்போடு நின்றுவிடுகிறாள். அகதாஸுக்குப் பெயராவது மிஞ்சியது. நம்மில் எத்தனை பேருக்கு உம்மம்மாவின் உம்மா பெயர் தெரியும்?

இஸ்பிஸ்டர் 1822 இல் கம்பர்லாந்து ஹவுஸ் என்ற கோட்டையில் பிறந்தார். சிறு வயதில் ஓர்க்னிக்கு அனுப்பப்பட்டுச் சில காலம் படித்தார். பின்னர் திரும்பி வந்து ரெட் ரிவர் குடியேற்றத்திலிருந்த பாடசாலையில் சேர்ந்தார். 1836 இல் தந்தையை ஒரு காளை முட்டிக் கொன்றது. பதினாறு வயதில் அவரும் கம்பனி வேலைக்குப் போனார்.

அவரை அனுப்பிய இடம் வட துருவத்தை அண்டிய மெக்கென்சி நதிப் பிரதேசம். அங்கே பீல் நதிக்கரையைக் கவனித்துக் குறிப்புகள் எடுத்தார். பிற்காலத்தில் அரச புவியியற் சங்கத்தின் சஞ்சிகை அதை வெளியிட்டது. ஆனால், கலப்பினத்துப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கம்பனியில் மேலே ஏறுவது கடினம். அப்போதைய ஆளுநர் சிம்சனுக்கு அவர்கள்மீது நல்லெண்ணம் இருக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் இஸ்பிஸ்டர் வேலையை விட்டார். 1842 இல் கப்பலேறிப் பிரித்தானியாவுக்குப் படிக்கப் போனார்.

போனவர் ஊரை மறக்கவில்லை. ரெட் ரிவர் மக்கள் தாம் வேட்டையாடிய தோலைக்கூடக் கம்பனியைத் தவிர வேறு எவருக்கும் விற்க முடியாதிருந்தது. 977 பேர் ஒப்பமிட்ட மகஜர் ஒன்று இலண்டனுக்கு வந்தபோது, இருபத்தைந்து வயதும் நிரம்பாத இஸ்பிஸ்டர் அந்த மக்களுக்காக 1847 இல் குடியேற்ற நாட்டு அமைச்சிடம் வாதாடினார். பலன் கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பாராளுமன்றம் கம்பனியைப் பற்றி விசாரிக்கக் குழு அமைத்தபோது அதன் முன்னும் சாட்சியமளித்தார். அவர் விட்டு வந்த கம்பனியைப் பல ஆண்டுகள் விடாமல் எதிர்த்த இந்தப் பிடிவாதம்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

பிழைப்புக்கு அவர் செய்தது ஆசிரியத் தொழில். 1858 முதல் 1882 வரை இலண்டனில் ஸ்டேஷனர்ஸ் கம்பனியின் பாடசாலைக்கு அதிபராக இருந்தார். பாடநூல்கள் பல எழுதினார். இடையில் சட்டமும் படித்துச் சட்டத்தரணியானார். ரெட் ரிவர் மாணவர்களுக்குப் பரிசு வழங்க 1867 இல் பணம் ஒதுக்கினார்.

1883 மே மாதம் அவர் இலண்டனில் காலமானார். மரணசாசனத்தைப் பார்த்தால், சேமிப்பில் ஏறத்தாழ 83,000 டொலரையும் ஆயிரக்கணக்கான புத்தகங்களையும் மனிடோபா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். பணம் புலமைப்பரிசில்களுக்கானது. ஆண், பெண் என்றோ இனம், மதம், மொழி என்றோ பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இலண்டன் பல்கலைக்கழகமே பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்து அப்போது ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மனிடோபாவிலோ ஒரு பெண்கூட இன்னும் பட்டம் பெற்றிருக்கவில்லை. எந்தப் பெண்ணும் கேட்பதற்கு முன்பே அவர் அதை எழுதிவிட்டார். அகதாஸை நினைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் என்னால் அவரை நினைக்காமல் அந்த வரியைக் கடக்க முடிவதில்லை.

புத்தகங்களில் பெரும்பாலானவை 1898 இல் வினிபெக்கில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோயின. புலமைப்பரிசில் அவர் பெயரில் இன்றும் வழங்கப்படுகிறது. அங்கே முதற் பெண் பட்டதாரி 1889 இல் வெளியேறினார்.