இமயம் ஏறிய டென்சிங்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களை அடுத்துப் பூண்டி என்னும் சிற்றூர் உள்ளது. அத்தகைய மலையூர்களில் மூட்டை சுமந்து மேடேறும் உழவர் விரைந்து நடப்பதில்லை. ஒரே சீராக அடியெடுத்து வைப்பர். மூச்சு முட்டுமுன்னரே சுமையை இறக்கி இளைப்பாறுவர். சமவெளியிலிருந்து வந்த இளைஞனோ, முதல் வளைவில் ஓடியேறி, இரண்டாம் வளைவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம், கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கினும் சிறிதே மிகுதி. எவரெஸ்ட் கொடுமுடியிலோ மூன்றில் ஒரு பங்குதான். அங்கே உழைப்பையும் ஓய்வையும் அளந்து செலவிட்டு வென்றவர் டென்சிங் நார்கே.

டென்சிங் 1914ஆம் ஆண்டு பிறந்தார். அவர் தந்தையார் கவரிமா மேய்ப்பவர். பள்ளி சென்று எழுதப் படிக்கும் வாய்ப்பு டென்சிங்குக்குக் கிட்டவில்லை. நேபாளத்தில் இமயத்தின் அடிவாரத்தில் வளர்ந்த அவர், இளம்பருவத்திலேயே டார்ஜிலிங் நகரை அடைந்தார். 1935இல் ஆங்கிலேயர் குழுவொன்றில் சுமை தூக்குபவராக எவரெஸ்ட் மலைக்குச் சென்றார். அதன்பின் பலமுறை சென்றும் முடியை எட்ட இயலவில்லை.

1952ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவினருடன் அவர் மீண்டும் ஏறினார். மே 27 இரவு, அவரும் லாம்பர்ட் என்னும் வீரரும் 27,000 அடிக்கு மேல் சிறு கூடாரமொன்றில் தங்கினர். உறங்குவதற்குரிய பைகள் இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கிச் சில மிடறு நீர் பருகினர். உடல் விறைத்துவிடாதபடி ஒருவரையொருவர் தட்டியும் தேய்த்தும் இரவைக் கழித்தனர். விடிந்ததும் ஏறத் தொடங்கினர். அவர்களுடைய பிராணவாயுக் கருவி நடக்கும்போது பயன்படவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் முயன்றும் ஏறியது சில நூறு அடிகளே. முடிக்கு 800 அடி அளவே எஞ்சியிருக்கத் திரும்பினர். அவர்களிடம் துணிவு குறையவில்லை. உறக்கமும் நீருமே குறைந்தன. அதே ஆண்டின் பிற்பகுதியில் மற்றுமொரு முயற்சியும் குளிராலும் காற்றாலும் தோற்றது. இரு பெரும் பயணங்களை ஓராண்டில் தாங்கிய அவர் உடலைக் காய்ச்சல் பற்றியது. பாட்னா நகர மருத்துவமனையில் படுத்திருந்தார்.

அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் குழு அவரை அழைத்தபோது, வேண்டாமென்று தடுத்தோர் உண்டு. தடுத்ததில் நியாயமும் இருந்தது. அப்போது அவருக்கு அகவை முப்பத்தெட்டு; உடலோ மெலிந்திருந்தது. டென்சிங் மறுக்கவில்லை. உடல் தேறியதும், பையில் கற்களை நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு, விடியற்காலையில் டார்ஜிலிங் குன்றுகளில் ஏறியிறங்கினார். புகையையும் மதுவையும் தொடவில்லை.

1953ஆம் ஆண்டுக் குழுவில் கிரிபித் பியூ என்னும் உடலியல் அறிஞர் இருந்தார். முந்தைய ஆண்டின் தோல்விக்கு நீர்க்குறைவும் ஒரு காரணம் என்று அவர் கண்டார். உயரத்தில் மூச்சு விரைவதால் உடலின் நீர் மூச்சுடனேயே வெளியேறுகிறது. எனவே நாள்தோறும் மூன்று நான்கு லிட்டர் நீர் பருகவேண்டும் என வகுத்தார். குழுவினர் மார்ச்சு மாத இறுதியில் தியாங்போச்சே மடத்தை அடைந்து, ஏறத்தாழ மூன்று வாரம் அப்பகுதியில் பழகினர். அருகிலுள்ள மலைகளில் ஏறுவதும் இறங்கி இளைப்பாறுவதுமாக அந்நாட்கள் கழிந்தன. மெலிந்த காற்றில் வாழ உடல் பழகுதற்கும், குருதியில் செவ்வணுக்கள் பெருகுதற்கும் காலம் வேண்டும். மே மாதத்திலும், பனிச்சரிவில் உழைத்தோர் முறைமுறையாக லோபுஜே என்னுமிடத்துக்கு இறங்கி வந்து ஓய்வெடுத்தனர். ஏற வந்தவர்கள் ஏன் இறங்குகின்றனர் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் நகைத்திருக்கலாம். உழைப்பில் தேய்ந்த தசை, உணவாலும் உறக்கத்தாலுமே மீண்டும் வலுப்பெறுகிறது. போட்டிக்கு முந்திய நாளும் மைதானத்தில் ஓடிக் களைக்கும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மே 28 இரவு, டென்சிங்கும் நியூசிலாந்து வீரர் எட்மண்ட் ஹில்லாரியும் 27,900 அடி உயரத்தில் கூடாரமிட்டனர். இம்முறை அடுப்பு இருந்தது. சர்க்கரையிட்ட எலுமிச்சைச் சாற்றைச் சுடச்சுட வேண்டுமளவு பருகினர். மீனும் பேரீச்சம்பழமும் உண்டனர். சேமித்த பிராணவாயுவைச் சுவாசித்தவாறு விட்டுவிட்டு நான்கு மணி நேரம் உறங்கினர். முந்தைய ஆண்டின் இரவோடு இதனை ஒப்பிட்டால் இரு முயற்சிகளின் வேறுபாடு புலனாகும். காலையில் ஹில்லாரியின் காலணிகள் உறைந்து கல்லாகியிருந்தன. அவற்றை அடுப்பில் காட்டி இளக்கவேண்டியதாயிற்று. டென்சிங்கோ காலணியைக் கழற்றாமலே படுத்திருந்தார்! ஆறரை மணிக்குப் புறப்பட்ட இருவரும், மே 29 முற்பகல் பதினொன்றரை மணிக்கு உலகின் உச்சியில் நின்றனர். அங்கே அவர்கள் தங்கியது ஏறத்தாழ கால்மணி நேரமே. இறங்குவதற்கும் ஆற்றலும் பிராணவாயுவும் எஞ்சியிருக்கவேண்டும் அல்லவா?

1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தோன்றியது. களப்பயிற்சியின் தலைமை டென்சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமைகூலியாகத் தொடங்கியவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் இளைஞர்களுக்கு மலையேற்றம் பயிற்றினார். 1986 மே 9இல் டார்ஜிலிங்கில் மறைந்தார். அவர் பணியாற்றிய அந்நிறுவனத்தின் வளாகத்திலேயே அவருடலுக்கு எரியூட்டினர்.